கூடத்துக்கு உள்ளே – அத்தியாயம் 14: ஒத்திவைப்பு

போன வாரம் பெரியக்கா போனைக் கையில் எடுத்து, தம்பியின் எண்ணை அழுத்தப் போய், அழுத்தாமலே கீழே வைத்த இடத்தில் அவளை விட்டுவிட்டு வந்தோம்.

இதைப் போனில் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. முகத்தைப் பார்த்துக் கேட்டால் தம்பி மறுக்கமாட்டான். அந்த நினைப்பு வந்தபோதே உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. உறுத்தலை ஓரமாகத் தள்ளிவிட்டு டிரைவரிடம் காரை எடுக்கச் சொன்னாள்.

கதையில் இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரியக்கா இன்று ஒரு பெயிண்ட் கம்பெனிக்கு முதலாளி. ஆனால் அவள் வாழ்க்கையைத் தொடங்கியது வேறொருவரின் கம்பெனியில், கலவைக் கொட்டகையில் கூலிக்காரியாக. அம்மா போய்ச் சேர்ந்தபோது தம்பிக்குப் பால் பல்கூட விழவில்லை. அப்பா இருந்தும் இல்லாத மாதிரிதான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, வண்ணப்பொடி அள்ளிக் கொட்டி அவனை ஆளாக்கினாள். இன்று அவன் வக்கீல், பேரவை உறுப்பினர், தொழிலாளர் நலக் குழுவின் தலைவர். ஊருக்கெல்லாம் அவன் வக்கீல் ஐயா. அவளுக்கு மட்டும் தலை நரைத்த பிறகும் பொடியன்.

அப்புறம் கூடம். கப்பல் கம்பெனி நடத்தும் கப்பல்காரர் வீட்டு மாடிக் கூடத்தில் மாதம் ஒருமுறை, அவசரமென்றால் நடுவிலும், சில பெரிய முதலாளிகள் கூடுவார்கள். இதில் சேர யாரும் விண்ணப்பம் போட முடியாது. கப்பல்காரர் ஒருநாள் தானே கூப்பிட்டு, டீ குடிக்க வாருங்கள் என்பார். அதுதான் அழைப்பு. வாசலில் பலகை கிடையாது, ஒரு சங்கம் என்றுகூட அதற்குப் பெயர் கிடையாது. அங்கிருந்து போகும் நன்கொடையில் ஓர் ஆய்வு மையம் நடக்கிறது. புதிதாக ஜெயித்து வரும் உறுப்பினர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. டி.வி.யில் வந்து பேச நிபுணர்கள் கிடைக்கிறார்கள். ஒரு சட்டம் வருகிற வழியில் கொஞ்சம் வளைந்து வந்து சேரும். வளைத்த கை எது என்று வெளியே யாருக்கும் தெரியாது.

பெரியக்காவை அங்கே சேர்த்துக்கொண்டபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவளைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்யும்போதெல்லாம் கப்பல்காரர், கலவைக் கொட்டகையிலிருந்து வந்தவர் என்று மறக்காமல் சொல்வார். அவள் கேட்டதற்காகப் பெண்களுக்கு ஒரு தொழிற்பயிற்சி நிலையம்கூடக் கட்டிக்கொடுத்தார்கள். பதிலுக்கு அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. முந்தாநாள்தான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

தம்பி பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்து கதவைத் திறந்தான். மறுபாதி மழித்து முடிந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் சிரித்தான். காலங்காத்தாலே இந்தக் கோலத்தில் பார்த்தால் எதிர்க்கட்சிக்காரன்கூட இரக்கப்பட்டு ஓட்டுப் போடுவான் என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டு உள்ளே கூட்டிப்போனான்.

அவன் மனைவி வானொலியில் செய்தி வாசிக்கிறவள். வீட்டில் அதிர்ந்து பேசமாட்டாள். அண்ணி வாங்க என்று காபியை வைத்தாள். பெரியக்காவின் முகத்தைப் பார்த்ததும் இது தான் உடனிருந்து கேட்கிற விஷயம் இல்லை என்று புரிந்துகொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். கதவை மட்டும் சாத்தவில்லை.

அன்று மதியம் குழுவில் வரப்போவது தூசி மசோதா. தூசியிலும் பொடியிலும் வேலை செய்கிறவர்களின் நுரையீரலை வருடந்தோறும் வெளி டாக்டர் ஒருவர் சோதிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போன பிறகும் வைத்தியச் செலவைக் கம்பெனியே ஏற்க வேண்டும். அந்தக் கடைசிப் பிரிவைத் தம்பியே உட்கார்ந்து எழுதியிருந்தான். இதற்காகப் பல வருடம் அலைந்தவன் அவன்.

பெரியக்கா கூடத்தில் கேட்டதையெல்லாம் தன் வார்த்தையில் சொல்லிப் பார்த்தாள். சின்னப் பட்டறைகள் இந்தச் சுமையைத் தாங்காது, ஒவ்வொன்றாக மூடிவிடும், வேலை போனால் அதே ஜனங்கள்தான் தெருவில் நிற்பார்கள் என்றாள். மசோதாவை எதிர்க்கச் சொல்லவில்லை, நிபுணர் குழுவுக்கு ஆய்வுக்கு அனுப்பினால் போதும், ஆறு மாதத்தில் இன்னும் செம்மையாகத் திரும்பி வரும் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நியாயமாகத்தான் பட்டது. தன் கம்பெனிக்கும் இதில் மூச்சுவிட நேரம் கிடைக்கும் என்ற எண்ணம் ஒன்று பின்னால் ஒளிந்து நின்றது. அதன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

தம்பி சவரக்கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, மீதி நுரையைத் துண்டால் துடைத்தான். அந்தப் பாதி முகம் மழிக்காமலே இருந்தது.

"கூடம் கேக்குதா, இல்ல நீ கேக்குறியாக்கா?"

கூடம் என்று சொன்னால் அவன் முடியாது என்று சொல்லிவிடுவான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"நான்தான் கேக்குறேன் பொடியா. இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல."

சொன்ன கணமே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது. அவளுடைய ஆயுளில் அவள் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டாத விஷயம் அது. சொல்லிக்காட்டாததால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரிக்கா," என்றான். காபி ஆறிப்போகிறது, குடி என்று அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு முகத்தை முழுதாக மழிக்கப் போனான்.

பெரியக்கா கிளம்பும்போது தம்பி மனைவி வாசல்வரை வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பார்த்துப் போங்க அண்ணி என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மதியம் குழு கூடும் இடத்துக்குப் பெரியக்கா போயிருக்கவே கூடாது. அங்கே தலைகாட்ட வேண்டாம் என்று கப்பல்காரர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. தம்பி வேலை செய்வதைப் பார்க்க அக்கா வருவதில் யார் என்ன நினைக்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பார்வையாளர் பகுதியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

முன்வரிசையில் பொடி வேலை செய்த பெண்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். அதில் ஒருத்தி இருமினாள். இருமிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

அது சுருட்டை. கலவைக் கொட்டகையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள். ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். முதலாளி பேசுகிற மாதிரியே பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பாள். வேலைக்கு நடுவே தம்பியைப் பார்க்கப் பெரியக்கா ஓடும்போதெல்லாம், கொட்டகையில் பொடி, வீட்டில் பொடியன், உனக்கு விடிவே இல்லடி என்பாள். அந்தச் சுருட்டை முடி இப்போது வெளுத்து, மெலிந்து, தலையோடு ஒட்டிக் கிடந்தது.

சுருட்டை எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு எட்டு நடந்ததற்கே மூச்சு வாங்கியது. முதலாளியம்மா இந்தப் பக்கம் வந்ததே அதிசயம் என்று முழங்கையால் இடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்கெல்லாம் பயம், எனக்குப் பயமே இல்லை, உள்ளே உட்கார்ந்திருப்பது நம்ம பொடியன் ஆயிற்றே என்றாள். பெரியக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி வந்து நடுநாற்காலியில் உட்கார்ந்தான். மசோதாவின் பெயரைப் படித்தான். இதில் மேலும் தரவுகள் தேவைப்படுவதால் நிபுணர் குழுவின் ஆய்வுக்கு அனுப்பி, முடிவை ஒத்திவைக்கலாம் என்று தானே முன்மொழிந்தான். ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்கும்படி சொன்னான். முதலில் அவன் கையைத் தூக்கினான். குழுவில் அவனோடு நின்றவர்கள் ஒரு நிமிடம் திகைத்தார்கள். தலைவரே தூக்குகிறாரே என்று அவர்களும் தூக்கினார்கள். எதிர்த்தரப்பு காத்துக்கொண்டிருந்த மாதிரி மொத்தமாகத் தூக்கியது. அவ்வளவுதான். ஒரு தும்மல் போடுகிற நேரத்தில் எல்லாம் முடிந்துபோனது. தம்பி ஒருமுறைகூடப் பார்வையாளர் பக்கம் பார்க்கவில்லை.

முன்வரிசைப் பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் சுருட்டையைப் பார்த்தார்கள். சுருட்டை பெரியக்காவிடம் திரும்பினாள்.

"ஒத்திவைப்புன்னா நமக்கு நல்லதா, கெட்டதா?"

பெரியக்கா அவள் கையை விடவில்லை. "நல்லதுக்குத்தான். ஆறு மாசம் பொறுத்துக்கோ. இன்னும் கெட்டியா வரும்."

சுருட்டையின் முகம் தெளிந்தது. முன்வரிசைக்குப் போய் அதையே எல்லாருக்கும் சொன்னாள். பொடியன் ஏதோ யோசித்துத்தான் செய்திருக்கிறான் என்றாள். ஒரு பெண் சிரித்தாள். இன்னொருத்தி, தம்பியிருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். பெரியக்கா அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அறை காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் கூடத்தில் யாரும் அவளைப் பாராட்டவில்லை. அங்கே எதையும் வெளிப்படையாகச் செய்வதில்லை. அவளுக்கு ஜன்னல் ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது. வழக்கமாக அது பாங்க்காரருடைய இடம். அவர் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக் கெட்டிலிலிருந்து கப்பல்காரரே அவளுக்கு டீ ஊற்றினார்.

நிபுணர் குழுவுக்கு யார் தலைவர் என்ற பேச்சு வந்தது. அவர்களுடைய ஆய்வு மையத்தின் பேராசிரியர்தான் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பெரியக்கா கப்பைக் கீழே வைத்துவிட்டு, அறிக்கை எப்போது வரும் என்று கேட்டாள்.

சின்னதாக ஒரு சிரிப்பு கூடத்தைச் சுற்றி வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. வீட்டில் குழந்தை ஏதாவது கேட்டால் சிரிப்போமே, அப்படி. பாங்க்காரர், நிலத்தடி நீர் பற்றி இப்படித்தான் ஓர் ஆய்வுக்குப் போனது, அதைக் கேட்ட அமைச்சருக்குச் சிலையே வைத்தாயிற்று, அறிக்கை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றார்.

"ஆறு மாசம்னு சொன்னீங்களே," என்றாள் பெரியக்கா.

கப்பல்காரர் அவளைக் கனிவோடு பார்த்தார். ஆறு மாதம் என்பது ஆய்வு தொடங்குவதற்கு என்றார். அதற்குள் தேர்தல் வந்துவிடும், பேரவை கலையும், புதிதாக வருகிறவர்கள் புதிதாக ஆரம்பிப்பார்கள் என்றார். அடுத்த விஷயத்துக்குப் போகலாமா என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். அடுத்தது துறைமுக வரி.

பெரியக்கா எழுந்துவிட்டாள். கூடத்தில் பேச்சு முடியாமல் யாரும் எழுந்து போனதில்லை. துறைமுக வரி பாதியில் நின்றது. கப்பல்காரர் மட்டும் அவளுக்குப் பின்னால் படியிறங்கி வந்தார். கார்க் கதவைத் தானே திறந்துவிட்டார்.

"உங்களுக்கு மனசு சரியில்லன்னு தெரியுதும்மா. முதல் தடவை எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அவள் காரில் ஏறிக்கொண்டாள். கையில் பொடி ஒட்டியிருந்த காலத்தில் இந்த மனுஷர் வீட்டு வாசலுக்கு வர முடிந்திருக்குமா என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவள்தான் அவள். இவர்கள் அவளைக் கூப்பிட்டது அவள் உழைப்பைப் பார்த்து என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள். தம்பி குழுத் தலைவரான பிறகுதான் தனக்கு அழைப்பு வந்தது என்பது இப்போதுதான் உறைத்தது. அதை அவள் அன்றைக்கே கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கப் பிடிக்கவில்லை.

காரில் டிரைவர் வானொலியைப் போட்டிருந்தான். தம்பி மனைவியின் குரல் வந்தது. தூசியினால் பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கான மசோதா நிபுணர் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது என்று வாசித்தாள். குழுத் தலைவரே முன்மொழிந்தார் என்று வாசித்தாள். புருஷன் செய்ததை ஊருக்கெல்லாம் சொல்கிற அந்தக் குரலில் ஒரு பிசிறு இல்லை. அடுத்தது வானிலை. அணைக்கட்டுமா என்று டிரைவர் கேட்டான். பெரியக்கா தலையை மட்டும் அசைத்தாள்.

தம்பி வீட்டில் விளக்குப் போடவில்லை. கதவு சாத்தாமல் இருந்தது. அவன் சமையலறை மேஜையில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவள் விளக்கைப் போட்டாள். எதிரில் உட்கார்ந்து, கூடத்தில் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள். தனக்குத் தெரியாது என்றாள். தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றாள். காலையில் தன் வாயால் கேட்டது அவர்கள்தான் என்பதையும் சொல்லிவிட்டாள்.

அவன் பொறுமையாகக் கேட்டான்.

"எனக்குத் தெரியும்க்கா. ஆய்வுக்குப் போனது திரும்பி வராதுன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை மசோதாவை நானே அப்படிப் போகவிட்டுப் பார்த்திருக்கேன்."

"தெரிஞ்சுமா செஞ்சே?"

"நீ கேட்டே."

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டு போனார்கள். பெரியக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவன் முடியாது என்று சொல்லிச் சண்டை போட்டிருக்கலாமே என்று அவன்மேலேயே ஒரு கோபம் வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. மறுக்கத் தெரியாத ஒருவனை எங்கே தொட்டால் விழுவான் என்று தெரிந்து தொட்டவள் அவள்.

உன் மேலே மட்டும் பழியைப் போடவில்லை என்றான் தம்பி. தூக்கியது தன் கைதான் என்றான். குழுத் தலைவர் பதவியை விட்டு விலகப்போவதாகச் சொன்னான். சாயங்காலம் சுருட்டையக்காவின் தெருமுனைவரை போனதையும், அந்தப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததையும் சொன்னான். அப்போதுதான் அவன் குரல் உடைந்தது. சின்ன வயதில் அழுகையை அடக்கும்போது மூக்கைச் சுருக்குவான். இப்போதும் சுருக்கினான்.

"நீ என்ன கேட்டாலும் செய்வேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்க்கா. இனிமே நீ எதாவது கேட்டா எனக்குப் பயமா இருக்கும்."

அவனை இழுத்து மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை. பெரியக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். எங்கே என்று அவன் கேட்கவில்லை. தானும் வருகிறேன் என்றுதான் சொன்னான். வேண்டாம், இது நான் போக வேண்டிய இடம் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

சுருட்டையின் தெருவுக்குள் கார் போகாது. முனையிலேயே இறங்கி நடந்தாள். வீடுகளுக்குள் சமைக்கிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டியதும் உள்ளிருந்து முதலில் இருமலும், பிறகு யாரது என்ற குரலும் வந்தன. கதவைத் திறந்தவள் வாயெல்லாம் பல்லாக நின்றாள். ஒரே நாளில் இரண்டு தரிசனமா என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி ஒதுக்கினாள்.

பெரியக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். கூடம் என்று ஒன்று இருப்பதையும், அதில் தான் இருப்பதையும், காலையில் தம்பியிடம் என்ன சொன்னாள் என்பதையும், ஒத்திவைப்பு என்றால் உண்மையில் என்ன என்பதையும் சொன்னாள். சுருட்டை துணிகளை மார்போடு பிடித்தபடி கேட்டாள். முழுவதும் கேட்டு முடித்த பிறகு அவளே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. அழவும் இல்லை.

"மத்தியானம் என் கையப் புடிச்சுக்கிட்டுத்தானே சொன்ன, நல்லதுக்குன்னு," என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசிப் பெரியக்கா கேட்டதே இல்லை.

"ஆமா."

சுருட்டை ஒரு துணியை எடுத்து மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்தாள்.

"இதை நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லுவியா? பேப்பர்காரங்களைக் கூப்பிடுறேன். அவங்க முன்னாடியும்."

பெரியக்கா வாயைத் திறந்தாள். சொல்கிறேன் என்றுதான் சொல்ல வந்தாள். அதற்குள் சமையலறை மேஜையில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்த தம்பி கண்முன் வந்து நின்றான்.

"சொன்னா பொடியன் பேரும் சேர்ந்து வருமே சுருட்டை. அவன் திரும்ப எழுந்திருக்கவே மாட்டான்."

"வரும்," என்றாள் சுருட்டை. அவளும் அவனைத் தூக்கி வளர்த்தவள்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். அது அடங்க வெகுநேரம் ஆனது. பெரியக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.